முதலூர்: 28 பேரில் தொடங்கிய ஊர்



திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம், கொஞ்சம் மேற்கே போனால் டோனாவூர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், ஒதுக்கப்பட்ட சிலர் ஒன்றுசேர்ந்த கதை இருக்கிறது.

பாளையங்கோட்டையில் 1780இல் புராட்டஸ்டண்ட் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர்தான். குளோரிந்தா அம்மையார் முன்னின்று கட்டிய ஆலயம் 1785இல் எழுந்தது. 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் ஐயர் இங்கே ஊழியத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாக வந்தவர் தாவீது சுந்தரானந்தம். சாத்தான்குளம் வட்டாரத்துப் பிள்ளை. அவர் சொல்லைக் கேட்டு, பனைத்தொழிலை நம்பி வாழ்ந்த சில குடும்பங்கள் கிறிஸ்தவர்களானார்கள்.

அதன் பிறகுதான் சோதனை. ஜெபக்கூடம் இடிக்கப்பட்டது. சொந்த ஊரிலேயே அவர்கள் அந்நியரானார்கள். அந்தக் காலத்தில் ஊர் ஒதுக்கினால் வேலை இல்லை, தண்ணீர் இல்லை, நல்லது கெட்டதுக்கு ஆள் இல்லை. நம்பிக்கை மட்டும் போதாது, நிற்க ஒரு இடம் வேண்டும் என்பது சுந்தரானந்தத்துக்குப் புரிந்தது. எவரெட் என்ற ஆங்கிலேய கேப்டனின் உதவியோடு நிலம் வாங்கினார். 1799இல் 28 பேர் அங்கே குடியேறினார்கள். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களுக்கென்று அமைந்த முதல் ஊர், அதனால் 'முதலூர்'.

பிறகு வந்த ரேனியஸ் ஐயரும் இதே வழியில் நடந்தார். ஜெர்மனியப் பிரபு டோனா கொடுத்த பணத்தில் 1827இல் உருவானதுதான் டோனாவூர். 1830இல் தர்ம சங்கம் தொடங்கினார். விரட்டப்பட்டவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. குடியிருப்போடு கோயிலும் பள்ளிக்கூடமும் வந்தன. சோறு பொங்கும்போது கைப்பிடி அரிசி எடுத்து வைத்துக் காணிக்கை கொடுக்கும் பழக்கம் வளர்ந்தது. இல்லாதவரும் கொடுப்பவரானார். கொடுக்கிறவர் அநாதையில்லை.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இந்த ஊர்களில் பல, பெரும்பாலும் ஒரே சாதியாரைக் கொண்டே வளர்ந்தன. சாதி கூடாது என்று ரேனியஸ் கண்டிப்பாக இருந்தும், அது வாசலோடு நின்றுவிடவில்லை.

ஆனாலும் பாருங்கள், மெஞ்ஞானபுரம் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, நம்மவர்களே தங்கள் காசில் ஊழியர்களை அனுப்ப வேண்டும் என்று 1903இல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானார். அந்தச் சங்கம் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது. 1912இல் அவரே தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அடைக்கலம் தேடிய மக்களின் பேரப்பிள்ளைகள் அடுத்தவருக்கு அடைக்கலமானார்கள்.

இன்று முதலூர் என்றதும் மஸ்கோத் அல்வாதான் நினைவுக்கு வரும். வாங்கிச் சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் இந்த ஊர்களில் இப்போது பூட்டிய வீடுகளும், தனியாக இருக்கும் முதியவர்களும் அதிகம். எந்த மதத்து ஊரானாலும் இதே நிலைதான். விடுமுறைக்கு வரும்போது உங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியையாவது போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். 28 பேர் சேர்ந்தால் ஒரு ஊர். இரண்டு பேர் சேர்ந்தாலே தனிமை போய்விடும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.