காலிக் கோட்டையின் பழைய மனைகள்

கோயிலைக் காக்கும் ஊர்கள் பல. குடியிருந்த வீட்டைக் காக்கும் ஊர்கள் சில. ஈழத்தின் தென்கரையிலுள்ள காலிக் கோட்டை அச்சிலவற்றுள் ஒன்று. ஏறக்குறைய 36 ஹெக்டேயர் பரப்பில், மதிலுக்குள்ளே, ஒல்லாந்தர் வகுத்த வீதிகளும் பழைய வீடுகளும் இன்றும் நிற்கின்றன. யுனெஸ்கோ நிறுவனம் 1988ஆம் ஆண்டில் இதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. எம் இளைஞர் ஒருமுறையேனும் நடந்து பார்க்கவேண்டிய வீதிகள் இவை.

பழைய வாயிலால் உட்புகுவோம். அதன் உட்புறத்தே ஒல்லாந்தக் கும்பனியின் இலச்சினையும் 1669 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. போர்த்துக்கேயர் இட்ட சிறிய அரணை 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருங்கோட்டையாக்கினர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. வீதிப் பெயர்களும் வரலாறு பேசுகின்றன. லெயின் பான் வீதி கயிறு திரித்த இடம். பெட்லர் வீதியை ஒல்லாந்தர் சோனக வணிகர் வீதி என்றே வழங்கினர்.

வீடுகளைப் பாருங்கள். வீதியோரம் தூண்கள் தாங்கும் விறாந்தை, உள்ளே உயர்ந்த கூடம், அப்பால் வெளிச்சமும் காற்றும் தரும் முற்றம், மேலே பீலி ஓடு. சுவர்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு தடிப்பாகக் கட்டப்பட்டவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளிவிடும். அதன்மேற் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும்; உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். பழைய மனையைத் திருத்துவோர் முதலிற் கற்கவேண்டிய பாடம் இதுவே.

இவ்வீடுகள் இடிபடாது தப்பியதெங்ஙனம்? 1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணை கட்டத் தொடங்கியபின், கப்பல்கள் படிப்படியாகக் காலியைக் கைவிட்டன. செல்வம் போயிற்று; இடித்துப் புதிது கட்டும் ஆசையும் அதனோடு போயிற்று. வறுமையே காவலாயிற்று! 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை புறநகரை அழித்தபோதும், மதில் உள்நகரைப் பெரிதுங் காத்தது.

இந்நூற்றாண்டிலே செல்வம் மீண்டது. நெதர்லாந்து நாட்டின் உதவியுடன் பல வீடுகள் திருத்தப்பட்டன. வெளிநாட்டாரும் கொழும்புச் செல்வரும் வேறு பல வீடுகளை வாங்கிச் செம்மைப்படுத்தினர். அப்பணம் வந்திராவிடிற் பல கூரைகள் சரிந்திருக்கும். இதை மறுத்தல் நன்றன்று. ஆயினும், தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேற, வீடுகள் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறின. சுவர் பிழைத்தது, குடி குறைந்தது. அடுப்பெரியாத வீடு அழகாயிருந்தும் என்ன பயன்?

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. 1409ஆம் ஆண்டுக்குரிய சீன, தமிழ், பாரசீக மும்மொழிக் கல்வெட்டு 1911இல் இக்காலி நகரிலேயே கிடைத்தது. அதன் தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றுவது. அத்தகைய கல், வடிகாலொன்றின் மூடியாகக் கவிழ்ந்து கிடந்ததாம்! இன்று கொழும்பு நூதனசாலையிலே பேணப்படுகிறது. அருமை அறியாதவிடத்துக் கல்வெட்டும் வெறுங்கல்லே.

இளைஞர்களே, எம் ஊர்களிலும் நாற்சார் வீடுகள் சில எஞ்சியுள்ளன. அவற்றை அளந்து வரைபடமாக்குங்கள், படம்பிடியுங்கள், அங்கு வாழ்ந்த முதியோரின் வாய்மொழியைக் குறித்து வையுங்கள். பெரியோர்களே, இடிக்குமுன் ஒருமுறை எண்ணுங்கள். மனையைக் காப்பதென்றால், அதில் வாழ்வாரையும் சேர்த்துக் காப்பதே.