லயத்திற்கு வந்த வானொலி: ஊவாத் தோட்ட மக்களும் நுகர்பொருட் தொழில்நுட்பமும்

மலையகத் தோட்டத் தொழிலாளர் பற்றி இதுவரை எழுந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை குடியேற்றம், வேதனம், தொழிற்சங்கம், குடியுரிமை என்னும் நான்கினையும் சுற்றியே அமைந்துள்ளன. அவை இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு மக்கட் கூட்டத்தினர் தம் சொற்ப வருவாயிலிருந்து எப்பொருளை விரும்பி வாங்கினர், வாங்கிய பொருளை எவ்வாறு மதித்தனர், அவ்வாறு வாங்கியமைக்காகப் பிறர் அவர்களைப் பற்றி என்ன பேசினர் என்பனவும் வரலாற்றின்பாற் பட்டனவே. பதுளை மாவட்டத்துத் தோட்டங்களை நடுவாகக் கொண்டு இவ்விடயத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையக நகரங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று ஒன்றுண்டு. 'உண்ண வழியில்லை என்கிறார்கள். ஆனால் லயத்துக்கு லயம் ரேடியோ பாடுகிறது' என்பதே அது. பின்னர் வானொலியின் இடத்தைத் தொலைக்காட்சியும், அதன் இடத்தைக் கூரைமேல் நிற்கும் டிஷ் தட்டும், அதன் இடத்தைக் கைத்தொலைபேசியும் பிடித்துக்கொண்டன. கூற்று மட்டும் மாறவில்லை. இக்கூற்று எதனைக் காணத் தவறுகிறது என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

இயந்திரம் யார் கையில்?

தோட்ட மக்கள் இயந்திரத்தை அறியாதவர் அல்லர். இலங்கையின் நாட்டுப்புற மக்களுள் நவீன இயந்திரத் தொழிலோடு மிக முற்பட உறவு பூண்டவர்களுள் அவர்களும் அடங்குவர். கோப்பிப் பயிர் நோயுற்று அழிந்தபின் தேயிலை பரவிய காலத்தில், சாமுவேல் டேவிட்சன் வடிவமைத்த 'சிறொக்கோ' உலர்த்தும் இயந்திரமும், வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த உருட்டும் இயந்திரமும் மலையகத் தேயிலை ஆலைகளிற் புகுந்தன. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியிற் காலூன்றினார். 1894இல் பண்டாரவளையை எட்டிய புகையிரதப் பாதை, தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தையும் சுழல் வழியையும் கடந்து 1924இல் பதுளையை அடைந்தது. இவ்வாறு உலகச் சந்தையின் தொழில்நுட்பமெல்லாம் ஊவா மலைகளுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அது தேயிலைக்காக வந்ததேயன்றித் தேயிலை கொய்தவர்க்காக வந்ததன்று.

இதற்கு மின்சாரமே சிறந்த சான்றாகும். மலையக ஆலைகள் பலவற்றில், அருவி நீரால் இயங்கும் சிறு சுழலிகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இயந்திரங்களை ஓட்டின. அத்தகைய ஆலைக்குக் கூப்பிடு தூரத்திலிருந்த லயக் காம்பராவிலோ மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது. மலையாறுகளிலிருந்து நாடு முழுமைக்கும் மின்சாரம் பெறலாம் என டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்தார்; அவர் கண்ட லக்சபானத் திட்டத்தின் முதற்கட்டம் 1950இல் நிறைவெய்தியது. அதன் பின்னரும் லயங்கள் பல பல்லாண்டுகள் இருளிலேயே கிடந்தன. மலையிற் பிறந்த மின்சாரம் மலையை விட்டு இறங்கிச் சென்று, மீண்டும் மலையேற நெடுங்காலம் பிடித்தது.

ஓசையும் இவ்வாறே அதிகாரத்தின் உடைமையாக இருந்தது. விடியுமுன் தப்போசை லயங்களை எழுப்பிற்று. பெரட்டுக் களத்திற் பெயர் பதியப்பட்டது. பிற்காலத்தில் ஆலைச் சங்கு அப்பணியை ஏற்றது. எப்போது எழுவது, எப்போது மலைக்குச் செல்வது, எப்போது திரும்புவது என்பனவற்றையெல்லாம் பிறர் எழுப்பிய ஓசையே வகுத்தது.

கொழுந்துத் தராசின் கதையும் அத்தகையதே. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் நிறையிலிருந்து சில கிலோக் கழிப்பது தோட்டங்களில் நெடுநாள் வழக்கம்; அதுபற்றிய முறைப்பாடும் அவ்வளவு பழையது. அண்மைக் காலத்தில் மின்னணுத் தராசுகள் சில தோட்டங்களில் வந்தபோது, எண் துலக்கமாகத் தெரியும் என்ற நம்பிக்கை ஒருபுறமும், எண் எதுவாயினும் கழிவைத் தீர்மானிப்பவர் மாறவில்லையே என்ற ஐயம் மறுபுறமும் எழுந்தன. புதுமைக்கு அஞ்சும் அறியாமை என்று இவ்வையத்தைத் தள்ளிவிடுதல் பொருந்தாது. கருவியின் நுட்பத்தைவிட அது யார் கையிலுள்ளது என்பதே முதன்மையானது என்னும் அனுபவ ஞானம் இதனுள் அடங்கியுள்ளது.

தமக்கென ஓர் ஓசை

இப்பின்னணியில் வைத்தே வானொலியின் வருகையை மதிப்பிடல் வேண்டும். இலங்கையில் ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் நாள் முறையாகத் தொடங்கியது. ஆனால் அக்காலத்து வால்வு வானொலிக்கு மின்னிணைப்போ பாரமான பற்றரியோ தேவைப்பட்டது. எனவே தோட்டத்தில் அது துரை பங்களாவுக்கும் உத்தியோகத்தர் குவாட்டர்சுக்கும் உரிய பொருளாயிற்று. 1947இன் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த திரான்சிஸ்டர், 1954இல் கையடக்க வானொலியாகச் சந்தைக்கு வந்தது. டோர்ச் விளக்குக்கு இடும் சிறு பற்றரிகளே அதற்குப் போதுமாயிருந்தன. மின்சாரம் மறுக்கப்பட்ட லயத்திற்குள் மின்னிணைப்பின்றியே நுழையத்தக்க நவீனக் கருவியாக அது அமைந்தது.

அப்பெட்டி வாயிலாகக் கேட்டதும் வளமானதாக இருந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியமை, கொழும்பு நிலையத்தின் நல்வாய்ப்பாயிற்று. எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளரின் குரல் பாக்கு நீரிணையின் இருமருங்கும் அறியப்பட்ட குரலாயிற்று. 1957இல் விவித பாரதி தொடங்கிய பின்னரும் அச்செல்வாக்கு உடனே குன்றிவிடவில்லை.

ஒரு வீட்டுப் பெட்டி பல வீடுகளுக்குப் பயன்பட்டமை லய வாழ்வின் அமைப்பினால் விளைந்தது. பத்தடிக் காம்பராவின் மெல்லிய சுவர் ஓசையைத் தடுக்கவில்லை. இஸ்தோப்பில் வைத்த வானொலியை அயலவரெல்லாம் கேட்டனர். வலுக்குன்றிய பற்றரியை வெயிலிற் காயவைத்து மேலும் சில நாள் பாடச்செய்யும் சிக்கனமும் அவர்களிடம் இருந்தது. உற்பத்தியாளன் பெட்டியை ஒரு முறை விற்றான். பற்றரியையோ மாதந்தோறும் விற்றான். பொருளின் விலை வேறு, அதனைத் தொடர்ந்து வைத்திருப்பதன் விலை வேறு என்பதை நாட்கூலி பெறும் தொழிலாளி நன்குணர்ந்திருந்தான்.

இக்காலமே நாடற்றோர் காலமுமாகும் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனையொட்டிய தேர்தற் சட்டத் திருத்தமும் அவரைத் தெரிந்த மக்களிற் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவர் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இப்பங்கீடுகளில் எவற்றிலும் பங்கிடப்பட்டோரின் கருத்துக் கேட்கப்படவில்லை. தம்மைப்பற்றிய தீர்ப்பைச் செய்தியாகக் கேட்கும் உரிமை மட்டுமே அவர்க்கு எஞ்சியிருந்தது. வாக்குச்சீட்டு இல்லாதவன் கையில் வானொலி இருந்ததை ஆடம்பரம் என்பதா? நாட்டோடு அவனைப் பிணைத்திருந்த மிகச் சில இழைகளில் அதுவும் ஒன்று.

பிணைப்பு நாட்டோடு மட்டுமன்று. பதுளையிற் கோச்சியேறித் தலைமன்னார் வழியே கடல்கடந்த உறவினர் நீலகிரியிலும் பிறவிடங்களிலும் குடியமர்ந்தனர். கடிதம் சென்றுசேர நாட்கள் பல ஆகும். கொழும்பிலிருந்து எழும் பாட்டையோ பிரிந்த குடும்பத்தின் இரு கிளைகளும் ஒரே வேளையிற் கேட்கக்கூடியதாயிருந்தது.

இதனாற் கருவியைப் புகழ்ந்து அமைதல் ஆகாது. அவர்கள் கேட்போராக இருந்தனரேயன்றிப் பேசுவோராக இருந்திலர். தோட்டத்துப் பேச்சுத் தமிழ் ஒலிபரப்பில் அரிதாகவே இடம்பெற்றது. 1930களிலும் 1940களிலும் கோ. நடேசையரும் மீனாட்சியம்மாளும் அச்சுப் பிரசுரமும் பாட்டும் கொண்டு தோட்டமக்களை அணுகியபோது தொழிலாளரின் துயரமே பாட்டின் பொருளாயிற்று, சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். வானொலிப் பெட்டியோ பெரும்பாலும் பிறர் பாட்டையே லயத்துக்குக் கொணர்ந்தது.

ஆடம்பரம் என்னும் குற்றச்சாட்டு

1977இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1979இல் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. 1982இல் ரூபவாகினி தோன்றியது. கசெற் வானொலியும் தொலைக்காட்சியும் தவணை முறையில் நகரக் கடைகளிற் கிடைக்கலாயின. மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்களாகச் சென்றோரின் உழைப்பும் பின்னாளில் இப்பொருள்களை லயங்களுக்குக் கொணர்ந்தது. தோட்டத்துப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இலேதான் கிடைத்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

முன்னர்க் கூறிய குற்றச்சாட்டு இக்காலத்தில் மேலும் வலுத்தது. ஒழுகும் கூரையின்மேல் டிஷ் தட்டு நிற்பது முரணாகத் தோன்றுவது இயல்பே. ஆயின் முரண் எங்குள்ளது? கூரையும் அதன் கீழுள்ள நிலமும் தொழிலாளிக்கு உரியனவல்ல. 1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. நிலம் கைமாறிய இத்தருணங்களில் எதிலும் லயம் தொழிலாளியின் சொத்தாகவில்லை. தமதல்லாத வீட்டில் பணத்தை இட்டுக் கூரை வேய்வதிலும், வேலை போனாற் கையோடு எடுத்துச் செல்லத்தக்க ஒரு பொருளை வாங்குவது மதியீனமன்று. நுகர்வுப் பண்பாடு எனத் தூற்றப்பட்டதன் அடியில் உடைமை மறுக்கப்பட்ட வரலாறே உள்ளது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. தவணைக் கடன் பல குடும்பங்களை நெருக்கியது. முன்பணம், கடன், மதுபானம் ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்தபோது சம்பளநாள் கையில் எதுவும் மிஞ்சாத நிலை ஏற்பட்டது. காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் ஆடப்பட்ட இரவுகளைத் தொலைக்காட்சித் திரை ஓரளவு கவர்ந்துகொண்டதும் மறுப்பதற்கில்லை. தோட்டத்து முதியோரின் இக்கவலைகள் நியாயமானவை. அவை தம்மவரின் நலங்கருதி எழுந்த கண்டனங்கள். நகரத்தார் கூற்றோ, வறியவன் வறியவனாகவே காட்சியளிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் எழுந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது தவறாகும்.

கேட்டவர் பேசத் தொடங்குதல்

இந்தியவம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. அதே ஆண்டில் பதுளையில் ஊவா சமூக வானொலி தோன்றியமை, கேட்போரைப் பேசுவோராக்கும் முயற்சியாகக் குறிப்பிடத்தக்கது. எனினும் உண்மையான மாற்றம் கைத்தொலைபேசியாலேயே விளைந்தது. 1989இல் இலங்கைக்கு வந்து, முதலிற் செல்வரின் அடையாளமாக விளங்கிய அக்கருவி, படிப்படியாக மலிந்து கொழுந்து பறிப்போர் கையையும் அடைந்தது. 2018 ஒக்டோபர் 24ஆம் நாள், நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டி மலையக இளைஞர் கொழும்புக் காலிமுகத்திடலிற் கறுப்புடையுடன் திரண்டனர். தொழிற்சங்கப் பெருந்தலைவரின் அழைப்பின்றிச் சமூக வலைத்தளங்கள் வழியாகவும் திரட்டப்பட்ட கூட்டம் அது. அச்சம்பளம் 2021இல் சம்பளச் சபை வாயிலாகச் சட்டமாயிற்று. தப்போசை கேட்டுத் திரண்டோரின் பேரர், தாமே விடுத்த அழைப்புக்குத் திரண்டமை சிறிய மாற்றமன்று.

ஆயினும் கருவி அனைத்தையும் செய்துவிடும் என்று கருதுவது இன்னொரு மயக்கம். கொரோனாத் தொற்றினால் 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி கைத்தொலைபேசிக்கு மாறியது. ஒரு பேசியைப் பல பிள்ளைகள் பகிர்ந்தனர். அலைவரிசை தேடி மேட்டுநிலங்களில் ஏறினர். முன்பு ஆடம்பரம் எனப்பட்ட பொருள் ஓரிரவிற் பள்ளிக்கூடமாயிற்று. அதனை வாங்க இயலாதோர் பள்ளிக்கு வெளியே நின்றனர்.

இதனினும் கொடிய சான்று கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டமாகும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து அங்குள்ள லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, அதனைக் கொண்டுசெல்ல வானொலியும் தொலைபேசியும் இருந்தன, குடியெழும்பிச் செல்வதற்கு உரிய நிலமும் வீடும் இல்லை. செய்தியைக் கொண்டுசேர்ப்பது கருவியின் பணி. காலூன்ற நிலம் தருவது சமுதாயத்தின் பணி; அதனை எந்தக் கருவியும் செய்யாது.

முடிவாக நோக்குமிடத்து, ஊவாத் தோட்ட மக்கள் தொழில்நுட்பத்தை அளந்த கோல் தெளிவானது. தமக்கு ஆணையிட்ட இயந்திரத்தை அவர்கள் ஐயத்தோடு நோக்கினர். தாம் விரும்பியபோது திருகி ஒலிக்கச்செய்யவும் நிறுத்தவும் கூடிய பெட்டியை நேசித்தனர். அப்பெட்டியின் பிடி அவர்களுக்கு உரியதாயிற்று. அது வைக்கப்பட்ட காம்பரா இன்னும் பலருக்கு உரியதாகவில்லை. லயத்து வானொலியைக் கண்டு வியப்போரும் சினப்போரும் அதனைத் தாங்கிநின்ற சுவர் யாருடையது என்று ஒருமுறை கேட்பாராயின், இவ்வரலாற்றின் மையத்தை அவர்கள் அடைந்துவிடுவர்.