தையல் வகுப்புகள் - ஒரு வரலாற்றுப் பார்வை

 

நமது மதரஸாவின் மேல்தளத்தில் பகலில் பெண்களுக்கும், மாலை ஓதல் முடிந்தபின் பிள்ளைகளுக்கும் தையல் வகுப்பு நடத்தலாமே என்ற பேச்சு ஜமாஅத்தாரிடையே எழுந்துள்ளது. நல்ல பேச்சுதான். எனினும் இயந்திரங்களின் விலையை விசாரிப்பதற்கு முன்னால், இத்தகைய வகுப்புகள் நம் தமிழ் நிலத்தில் எவ்வாறு தோன்றின, எவை நிலைத்தன என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயனுடையதாகும்.

தைத்தல் இழிவான தொழிலன்று என்பதை நம்மவர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை. ஊசி கொண்டு முதன்முதலில் ஆடை தைத்தவர் இத்ரீஸ் (அலை) அவர்கள் என்பது விரிவுரையாளர்கள் பலர் எடுத்துரைக்கும் செய்தி. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தமது ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதையும் காலணியைத் தாமே செப்பனிட்டதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வக்ஃபுச் சட்டங்களைப் பற்றி நூலெழுதிய ஹனஃபி அறிஞர் அல்கஸ்ஸாஃப் (ரஹ்) அவர்களின் பெயருக்கே செருப்புத் தைப்பவர் என்றுதான் பொருள்.

முற்காலத்தில் தையலுக்கென வகுப்பு ஏதும் இருந்ததில்லை. பெண்பிள்ளை தாயிடம் கற்றாள். ஆண்பிள்ளை தையற்கடை உஸ்தாதின் காலடியில் அமர்ந்து கற்றான். காஜா எடுப்பது, பொத்தான் தைப்பது, கொக்கி வைப்பது என்று ஆண்டுகள் கழிந்த பின்னரே கத்தரிக்கோல் அவன் கைக்கு வரும். (பொத்தான், காஜா ஆகிய இரு சொற்களும் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தவை. துணியைச் சுற்றி உடுத்திய நாட்டில் பொத்தானுக்கு வேலை இருந்திருக்காது போலும்!) வெட்டும் கலையை மட்டும் உஸ்தாத் எளிதில் சொல்லித் தரமாட்டார். அளவெடுத்து வெட்டத் தெரிந்தவன்தானே நாளை எதிரில் கடை போடுவான்!

ஊசி வேலையைப் பலரையும் ஒன்றாக அமரவைத்துக் கற்பிக்கும் முறை தென்தமிழகத்தில் வேரூன்றியது நாகர்கோவிலில்தான். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியர் 1819இல் அங்கு வந்து சேர்ந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னும் கலையைக் கற்பிக்கத் தொடங்கினார். திண்டு போன்றதொரு தலையணையில் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை அவற்றிடையே முன்னும் பின்னும் மாற்றிப் பின்னும் நுண்ணிய வேலை அது. அன்றைய திருவிதாங்கூரில் நாகர்கோவில் அடங்கியிருந்தது. அங்கே அடிமை முறை 1855 வரை சட்டப்படியே இருந்தது. அப்பள்ளியில் பயின்ற பெண்களுள் அடிமைகளாகப் பிறந்தோரும் இருந்தனர். அவர்களுள் சிலர் லேஸ் பின்னி ஈட்டிய கூலியைச் சேர்த்து வைத்து, தம் எசமானர்களுக்கு விலை கொடுத்துத் தம்மைத் தாமே விடுவித்துக் கொண்டனர். ஆம்! நூல் பின்னிய கூலியால் அடிமைத்தளை அறுந்தது. ஒரு தையல் வகுப்பு இதைவிடப் பெரிதாக எதைச் சாதிக்க முடியும்?

இது எவ்வாறு கூடிற்று என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. லேஸ் பின்னத் தெரிந்ததால் மட்டும் அப்பெண்களின் கைக்குக் காசு வந்துவிடவில்லை. அந்தச் சரக்கை உள்ளூரில் வாங்குவார் இல்லை. இங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் குடும்பங்களிடமும் கடல் கடந்து இங்கிலாந்திலும் அதை விற்றுக் கொடுக்கும் பொறுப்பை மிஷன் பெண்மணிகளே சுமந்தனர். கற்பித்தவரே சரக்கை விற்கவும் செய்தார். விற்ற பணத்தில் பின்னியவளுக்கும் பங்கு சென்றது. இம்மூன்றும் சேர்ந்திருந்ததால்தான் அந்த வகுப்பு ஒரு தொழிலாக வளர்ந்து தலைமுறைகளைக் கடந்தது. மால்ட் தம்பதியரின் மகளான எலைசா, தமிழறிஞர் கால்டுவெல்லை 1844இல் மணந்து நெல்லைச் சீமையின் இடையன்குடிக்குச் சென்றபோது லேஸ் கலையும் உடன் சென்றது. அவர் அங்குத் தொடங்கிய பள்ளியால் தேரிக்காட்டு மண்ணின் பெண்களும் அத்தொழிலைக் கற்றனர்.

அதே காலத்தில் தைத்த ஆடையை அணிவதே ஒரு பெரும் போராட்டமாகவும் இருந்தது. திருவிதாங்கூரில் சாணார் முதலிய சமூகத்துப் பெண்கள் மேலாடை அணிவதற்குத் தடை இருந்தது. கிறிஸ்தவ சமயம் தழுவிய பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களையும் நம் மாப்பிள்ளை முஸ்லிம் பெண்களையும் போலக் குப்பாயம் அணிந்துகொள்ளலாம் என்று திவானாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில் ஆணை பிறந்தது. மாப்பிள்ளைப் பெண்டிர் உடுத்திய எளிய தைத்த சட்டை, பிற சமூகத்துப் பெண்களின் மானம் காக்கும் அளவுகோலாக அரசாணையில் இடம்பெற்றதை நம்மவர்களுள் அறிந்தோர் மிகச் சிலரே. மிஷன் பள்ளிகளில் தைக்கக் கற்ற பெண்கள் தளர்வான சட்டைகளைத் தைத்து அணிந்தபோது, சந்தைவெளிகளில் அவை கிழித்தெறியப்பட்டன. 1820களில் மூண்ட அக்கலகம் 1859 ஜூலையில் மன்னர் பிரகடனம் வெளியிடும் வரை விட்டுவிட்டு நீடித்தது.

தையல் இயந்திரத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிரெஞ்சு தையற்காரர் திமோனியே 1830இல் உரிமம் பெற்றார். தங்கள் பிழைப்பு போகுமென அஞ்சிய தையற்காரர்களே அவருடைய இயந்திரங்களை அடித்து நொறுக்கினர். 1851இல் அமெரிக்காவின் சிங்கர் உரிமம் பெற்றார். தவணை முறையில் விற்றதால் அது ஏழை வீட்டிலும் நுழைந்தது. இயந்திரங்களை எதிர்த்த காந்தியடிகள்கூடச் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்களித்தார். நம் நாட்டிலேயே உஷா இயந்திரம் உருவானது 1930களில்.

விடுதலைக்குப் பின்னர் தையல் வகுப்பு அரசின் திட்டங்களில் இடம்பெற்றது. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டமும், 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூகநல வாரியமும் தோன்றின. சிற்றூர்களின் மாதர் சங்கங்களில் தையல் கற்பிக்கப்பட்டது. பள்ளிகளில் தையல் ஆசிரியை என்ற பணியிடம் இருந்தது. அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியம், இசை ஆகியவற்றுடன் தையலும் கீழ்நிலை, மேல்நிலை என இரு படிகளாக இடம்பெற்றது. இவ்வாறு ஊசி வேலைக்குச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டிய வீடுகள் அனைத்திலும் இயந்திரம் ஓடிற்று என்று சொல்வதற்கில்லை. நாகர்கோவிலில் கற்பித்தவரே விற்றும் கொடுத்தாரே, அந்த ஏற்பாடு இங்கே இல்லாமற் போயிற்று.

இனி நமது வட்டாரத்திற்கு வருவோம். சிவகாசியின் வரலாறே ஒரு தொழிற்பயிற்சியில் தொடங்கியது. 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று, சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வானம் பார்த்த கரிசல் பூமிக்கு அது சோறு போட்டது. அதை நாம் மறுக்கலாகாது. ஆயினும் அச்சோற்றுக்குப் பிள்ளைகளின் கரங்களும் விலையாகச் சென்றன. விடியுமுன்னே ஊர் ஊராகப் பேருந்து வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றதும், சட்டத்தில் குச்சி அடுக்கியே அவர்களுடைய பள்ளிப் பருவம் கழிந்ததும் நம்மில் மூத்தோர் கண்ட காட்சிகள். 1976இல் அவ்வாறு பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்து விபத்துக்குள்ளானபோதுதான் வெளியுலகம் திடுக்கிட்டது.

1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க இடங்களுள் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகளில் எழுத்தும் கணக்கும் மதிய உணவும் உதவித்தொகையும் கைத்தொழிற் பயிற்சியும் வழங்கப்பட்டன. 1996 டிசம்பர் 10ஆம் நாள், எம்.சி. மேத்தா வழக்கில், பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் அத்திட்டம் பொதுக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. அச்சிறப்புப் பள்ளிகளின் நோக்கம் பிள்ளையைத் தையற்காரனாக்குவதன்று. முறையான பள்ளிக்கூடத்தின் வாசலுக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே. இது நாம் மறந்துவிடக் கூடாத வேறுபாடு.

எனவே நமது வகுப்பு ஒரே அறையில் நடந்தாலும், பெரியோருக்கொரு விதமும் பிள்ளைகளுக்கொரு விதமுமாகவே அமைய வேண்டும் என்பது நமது கருத்து. பிள்ளைகளுக்குத் தையல் கைப்பழக்கமாகவும் கணக்காகவும் இருக்கட்டும். கிழிந்த தம் சட்டையைத் தாமே ஒட்டுப் போடவும், நாடாவால் அளந்து காகிதத்தில் வெட்டவும் ஆண்பிள்ளைகளும் சேர்ந்தே கற்கட்டும். ஆனால் ஒரு காஜாவிற்குக்கூடக் கூலி பேசலாகாது. நாகர்கோவிலில் சிறுமியர் பின்னிய லேஸ் விலைபோனது வேறொரு காலத்துக் கதை. குச்சி அடுக்கிய விரல்களின் நினைவு மறையாத இம்மண்ணில், தையல் வகுப்பு என்ற பெயரால் இன்னொரு பட்டறை தோன்றிவிடக் கூடாது. பதினான்கு வயதிற்குட்பட்டோரைப் பணியமர்த்துவதை 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தமும் தடுக்கிறது.

பெண்களின் வகுப்போ இதற்கு நேர்மாறானது. அங்கே முதலில் பேசப்பட வேண்டியது கூலிதான். 2018 அக்டோபரில் பட்டாசு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பின்னர், மாதக்கணக்கில் ஆலைகள் மூடிக்கிடந்தன. அன்று மாற்று வேலை தெரியாத இல்லங்களில் அடுப்பு எரிவதே அரிதாயிற்று. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்து ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. அவர்களுள் பெண்களும் இருந்தனர். மருந்தறைக்குச் செல்லும் ஒரு தாய் தன் குழந்தைகளுக்காகவே செல்கிறாள். அவளிடம் வெறும் பயிற்சியை மட்டும் நீட்டி, அந்த வேலையை விட்டுவிடு என்று கூற நமக்கு என்ன உரிமை இருக்கிறது? (இத்தொழிலில் உள்ளோர் நைலான், பாலியஸ்டர் துணிகளைத் தவிர்த்துப் பருத்தியே உடுத்த வேண்டுமென்பது பாதுகாப்பு விதி, உராய்வில் பிறக்கும் மின்பொறியே வெடிப்புக்குப் போதும். துணிவகைகளைப் பிரித்தறியும் பாடத்தை முதல் வாரத்திலேயே வைப்பது நலம்.)

வேலை இல்லாத ஊரல்ல நம்முடையது. இராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம், முகவூர்ப் பகுதிகளில் நைட்டிகள் தைக்கும் தொழில் பெருகி, பல மாநிலங்களுக்குச் சரக்கு செல்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் தைத்தளிக்கின்றன. ஏழைப் பெண்களுக்கு இயந்திரம் வழங்கச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசுத் திட்டம் உண்டு. தையல் கற்றதற்கான சான்று அதற்குத் தேவை. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட முஸ்லிம் மகளிர் உதவும் சங்கமும் உள்ளது. சமுதாயத்தார் திரட்டும் நன்கொடைக்கு ஈடாக அரசு மானியம் அளிக்கும் அமைப்பு அது.

ஆகவே பொதுக்குழு கூடும்போது, இயந்திரம் எத்தனை வாங்குவது என்ற கேள்வி இரண்டாவதாக வரட்டும். முதலில் நிர்வாகிகளில் இருவரும், தையல் அறிந்த பெண்மணிகள் இருவரும் தளவாய்புரத்திற்கு ஒருமுறை சென்று, வெட்டிய துணியை வீட்டுக்குக் கொடுத்துத் தைத்து வாங்குவார்களா, நைட்டி ஒன்றுக்குக் கூலி என்ன, நூல் செலவு யாருடையது, கணக்கு வாரம்தோறும் தீர்க்கப்படுமா என்று கேட்டு, எழுதி வாங்கி வரட்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வகுப்பின் நாளைக் குறிப்போம், இன்ஷா அல்லாஹ்.