இறுப்பிட்டியில் ஒரு சேர்வர்: ஈஎஸ்எக்ஸ்ஐயா, பிராக்ஸ்மாக்ஸா?

பெட்டி யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான இறுப்பிட்டியில் ஒரு வீட்டில். அதைப் பார்ப்பவர் ரொறன்ரோவில் என்று வைத்துக்கொள்வோம். அப்டேட் போட்ட பிறகு சேர்வர் எழும்பாவிட்டால், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் பண்ணைப் பாலமும் வாணர் தாம்போதியும் கடந்து வரவேண்டும். அதனால், ஒரே பெட்டியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இந்த இரண்டு மென்பொருளையும் முதலில் ஒரு கேள்வியால் அளக்கிறேன்: பிழைத்துப் போனால் பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி?

இதில் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ கெட்டிக்காரன். தன்னை இரண்டு பிரதிகளாக வைத்துக்கொள்ள டிஸ்கில் இடம் ஒதுக்கியிருக்கிறது. அப்டேட் ஒன்றில் ஏறும், பழையது மற்றதில் அப்படியே கிடக்கும். சரிவராவிட்டால், தொடங்கும்போது ஷிப்ட்டையும் ஆரையும் சேர்த்து அழுத்தி, கேட்டதும் வை அடித்தால் போதும். வீட்டிலிருக்கும் அம்மாவுக்குப் போனில் சொல்லியே செய்விக்கலாம்.

பிராக்ஸ்மாக்ஸ் டெபியன் லினக்ஸின் மேல் நிற்பது. பழைய கர்னலைத் தொடக்கப் பட்டியலில் தெரிவுசெய்யலாம். மற்றப் பொதிகளை ஒரேயடியாகப் பின்னுக்கு இழுக்க அதில் ஆயத்தமான வழியில்லை. டெபியனில் பழகிய கை ‘ஏப்ட் அப்கிரேட்’ என்றே அடிக்கும். இங்கே ‘டிஸ்ட்-அப்கிரேட்’ அடிக்காவிட்டால் பொதிகள் அரைகுறையாக நிற்கலாம். புதிய கர்னலில் நெட்வேர்க் கார்டின் பெயர் மாறிவிடுவதும் உண்டு. பெட்டி உயிரோடுதான் இருக்கும், ரொறன்ரோவுக்குத் தெரியாது! 2025 ஆகஸ்டில் வந்த 9ஆம் பதிப்பு, அந்தப் பெயரை நிலைநிறுத்த ஒரு கருவி தந்திருக்கிறது.

ஆனால், திரும்பும் வழி இருந்தென்ன, அப்டேட் கைக்கு வரவேண்டுமே. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. 2024 பெப்ரவரியில் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ நின்றது. 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. அதே மாதம், அப்டேட்டை இணையத்திலிருந்து நேரே இறக்க வாடிக்கையாளருக்கான தனி டோக்கன் வேண்டும் என்றாகிவிட்டது. பிராக்ஸ்மாக்ஸில் சந்தா கட்டாதவருக்கும் ஒரு களஞ்சியம் திறந்திருக்கிறது, கட்டியவருக்குரியதைவிடச் சோதனை குறைந்ததுதான். 2023 பெப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐ ஆர்க்ஸ் என்ற கப்ப வைரஸ் ஆயிரக்கணக்கான சேர்வர்களைப் பூட்டியதை நினைத்துப் பாருங்கள். அது நுழைந்த ஓட்டையாகச் சொல்லப்பட்டதற்கு 2021 பெப்ரவரியிலேயே ஒட்டு வந்துவிட்டது, போடாதவர்களே அகப்பட்டார்கள்.

ஆகவே இறுப்பிட்டிக்கு என் தெரிவு பிராக்ஸ்மாக்ஸ். ஒரு நிபந்தனை: முதலில் வேறொரு டிஸ்கில் முழு பேக்கப். அதே டிஸ்கிலிருக்கும் ஸ்னாப்ஷாட்டை நம்பாதீர்கள், டிஸ்க் போனால் அதுவும் போகும். மொனிற்றரும் கீபோர்டும் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கட்டும். வீட்டில் ஆள் இருக்கும் பகல் நேரத்தில் போடுங்கள். ரொறன்ரோவில் அது நடுராத்திரி, பரவாயில்லை.