மகப்பேறும் முதுநிலை மருத்துவப் பயிற்சியும்: விடுப்புக்கு அப்பால்

1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று மருத்துவர் முத்துலட்சுமி நிபந்தனை விதித்தார். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று அப்போது இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. பின்னர் சட்டமன்றம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என விரிந்த அவரது பொதுவாழ்வுக்கு அந்த நிபந்தனை துணைநின்றது என்றே கருதுகிறேன். ஆயினும் அது இருவருக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. நூறாண்டு கடந்தும் பெண் மருத்துவரின் தாய்மை அத்தகைய வீட்டு ஏற்பாட்டையே நம்பியிருக்கிறது: கணவர் இணங்க வேண்டும், அம்மாவோ மாமியாரோ குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வாய்ப்பு அமையாதவர் மகப்பேறு மருத்துவம், அறுவை மருத்துவம் போன்ற துறைகளை விட்டு இரவுப்பணி குறைந்த துறையைத் தேடினால், அதை அவரது சொந்த விருப்பம் என்று சொல்லிவிட முடியாது.

18 வயதில் சேர்பவர் ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். முடிக்கையில் 23 கடந்திருக்கும். நீட் முதுநிலைத் தேர்வுக்கு ஓரிரு ஆண்டுகள், முதுநிலைக்கு 3, அரசு மருத்துவமனையில் கட்டாயப் பாண்ட் பணி, உயர் சிறப்புப் படிப்புக்கு மேலும் 3 என்று கூட்டினால் 30 தாண்டிவிடுகிறது. கருவுறும் திறனோ 35க்குப் பின் வேகமாகக் குறைகிறது. 'முதலில் படிப்பு, பிறகு குழந்தை' என்ற அறிவுரை இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

சட்டம் முன்னேறியிருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வார விடுப்பையும், 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. தமிழக அரசு 2021இல் தன் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை ஓராண்டாக்கியது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேற்றுப் பயன் தொடரும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவரே ஒரு பெண் மருத்துவர்தான். முதுநிலை மாணவிக்கும் விடுப்பு உண்டு. அதற்கேற்பப் பயிற்சிக் காலம் நீள்கிறது.

இந்த நீட்டிப்பை எதிர்ப்பது சரியாகாது. அறுவை அறையில் கைத்திறன் மணிக்கணக்கில்தான் படியும். அதைக் குறைத்தால் பாதிக்கப்படுபவர் நோயாளி. சிக்கல் பணிப்பட்டியலில் இருக்கிறது. முதுநிலை மாணவர் கற்பவராகவும் வார்டை நடத்தும் ஆளாகவும் ஒருசேர வைக்கப்பட்டிருக்கிறார். ஒருவர் விடுப்பில் போனால் மாற்று ஆள் வருவதில்லை. அவரது இரவு டியூட்டிகள் யூனிட்டில் மிஞ்சியவர்கள்மேல் விழுகின்றன. அவர்களின் களைப்பு உண்மையானது. அது கர்ப்பிணியின்மேல் கோபமாகத் திரும்புகிறது. அவரும் அதற்கஞ்சி எட்டாம் மாதத்திலும் இரவுப்பணி பார்க்கிறார். முதுநிலை மாணவர் உள்ளிட்ட உறைவிட மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்ற 1992ஆம் ஆண்டு மத்திய நெறிமுறை நடைமுறைக்கு வந்திருந்தால் இந்தச் சுமையில் பாதி இருந்திராது.

ஆகவே விடுப்பு நாட்களைக் கூட்டுவது மட்டும் போதாது. விடுப்பில் செல்லும் ஒவ்வொரு பயிற்சி மருத்துவருக்கும் ஊதியத்துடன் மாற்று மருத்துவரை அமர்த்த வேண்டும். காப்பகம் இரவிலும் திறந்திருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நிதி ஒதுக்குவதை மருத்துவக் கல்லூரி அங்கீகாரத்தின் நிபந்தனையாகத் தேசிய மருத்துவ ஆணையம் ஆக்க வேண்டும்.