ஒரு கூறு கறி, ஒரு சட்டிக் குழம்பு

தோழர்களே, இந்த வாரம் வழக்கு, அரசாணை என்று ஆரம்பிக்காமல் அடுப்படியிலிருந்து ஆரம்பிக்கிறோம். அரசாணை கடைசியில் தானாக வந்துவிடும், கவலை வேண்டாம்.

சென்னை மால்களில் பாட்டிலில் அடைத்து விற்கும் ஸ்பகெட்டி சாஸுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. தென் இத்தாலியின் விவசாயக் கூலிக் குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டில் இறைச்சியைக் கண்ணால் பார்த்ததே பண்டிகை நாளில்தான். கிடைத்த கொஞ்சக் கறியை வெங்காயம், தக்காளியோடு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றை மாவுப் பண்டத்தின் மேல் ஊற்றிக் குடும்பம் முழுக்கச் சாப்பிட்டார்கள். கறி கொஞ்சம், வாய் நிறைய. இந்தக் கணக்கைத் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் காலனிகளில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் மாடு அறுத்தால் கறியைக் கூறு போடுவார்கள். எலும்பு, கொழுப்பு, ஈரல், குடல், சதை எல்லாம் ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் விழ வேண்டும். தராசு கிடையாது, கண்தான் அளவு. பத்துப் பேர் இருக்கும் வீட்டுக்கு அந்த ஒரு கூறு எப்படிப் போதும்? இங்கேதான் காய்கறி வருகிறது. முள்ளங்கி, கத்தரிக்காய், மொச்சைக்கொட்டை, முருங்கைக்காய் என்று அந்தந்தப் பருவத்தில் எது மலிவோ அது. முதலில் எலும்பையும் கெட்டிக் கறியையும் மஞ்சள், உப்பு போட்டு விறகடுப்பில் நன்றாக வேகவிட வேண்டும். அம்மியில் அரைத்த மிளகாய், மல்லி, சோம்பு அதற்குப் பிறகு. கறி முக்கால் வெந்ததும் மொச்சை, அடுத்து முள்ளங்கி, கடைசியில்தான் கத்தரி. இந்த வரிசை மாறினால் கத்தரி கரைந்துவிடும், கறி ரப்பராக நிற்கும். காயும் கறிச்சாற்றைக் குடித்துக் கறி மாதிரியே ருசிக்கும். கேழ்வரகுக் களியை நடுவில் குழித்து இந்தக் குழம்பை ஊற்றினால், கறித்துண்டு கிடைக்காத தட்டிலும் கறிச்சோறுதான்.

துண்டு கிடைக்காத தட்டு யாருடையது என்பதையும் சொல்லிவிடுவோம். வேலைக்குப் போய் வந்த ஆண்களுக்கு முதலில், பிள்ளைகளுக்கு அடுத்து. ஆக்கிய ஆயாவுக்குச் சட்டியில் ஒட்டியது. நம் உணவைப் பெருமையாகப் பேசும் தோழர்கள் இதை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள், எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை.

மீந்த கறி கொடியில் ஏறும். உப்பும் மஞ்சளும் தடவி, நீளநீளமாகக் கீறி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்தால் உப்புக்கண்டம். எங்கள் பக்கம் கொடிக்கறி என்றும் சொல்வார்கள். வேலை இல்லாத மழை மாதங்களுக்கு அதுதான் சேமிப்பு. அதற்கு வேண்டிய உப்பு பக்கத்திலேயே, மரக்காணம் உப்பளத்தில் விளைகிறது. ஆனால் 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைக் கம்பெனி அரசு தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. கண்ணெதிரே குவிந்து கிடந்த உப்பையும் அரசு வைத்த விலைக்குத்தான் வாங்க வேண்டியிருந்தது. கறியைக் காயவைக்க முடியாமல் போனால் அன்றைக்கே தின்று தீர்ப்பதுதான் வழி.

எண்ணெய்க் கதை இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தென்னாற்காடு மாவட்டம் முழுக்கக் கடலைக் கொல்லையாக மாறியது. விழுப்புரம், திண்டிவனம் எல்லாம் அன்று அந்த மாவட்டம்தான். கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய்க்குக் கப்பலேறியது. அங்கே எண்ணெயானது, சோப்பானது. கடலை பிடுங்கிய கைகள் பெரும்பாலும் சேரிக் கைகள். அந்த வீட்டுக் குழம்பில் மிதந்ததோ கடலை எண்ணெய் இல்லை, மாட்டுக் கொழுப்பு. நிமிர்ந்து பேசினால் ‘கொழுப்பெடுத்தவன்’ என்று ஊரில் திட்டுவார்களே, அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு இந்தச் சட்டிதான் ஞாபகம் வருகிறது.

1891இல் இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. இத்தாலியில் பெல்லெக்ரினோ ஆர்தூசி வீட்டுச் சமையல் புத்தகம் போட்டார். போலோனியா நகரத்துக் கறிச்சாறு அதில் இருக்கிறது, தக்காளி இல்லாமல். அதே ஆண்டு இங்கே, திண்டிவனத்துக்கு அடுத்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறக்க அதுவே காரணம். அவர்கள் அடுப்படி புத்தகமாகப் பதிவானது, நம் வாழ்க்கை வறுமை பற்றிய கோப்பாகப் பதிவானது. நம் ஆயாக்களின் கைப்பக்குவத்தை அந்தக் காலத்தில் எழுதிவைக்க யாரும் இல்லை.

இதில் நமக்குள்ளேயே ஒரு விவாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கறியெல்லாம் காசு கொடுத்து வாங்கிய கறி இல்லை. ஊர்க்காரர் வீட்டில் செத்த மாட்டைத் தூக்குவது சேரியின் மேல் சுமத்திய வேலை, அந்த மாட்டின் கறிதான் அதற்குக் கூலி. 1927இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டுக் கறியை விடச் சொன்னது இதனால்தான். தீண்டாமை ஏன் பிறந்தது என்று 1948இல் அவர் எழுதிய நூலிலும் மாட்டுக்கறிதான் மையம். அவர் எதிர்த்தது அந்தக் கட்டாயத்தை என்றே நாங்கள் வாசிக்கிறோம். சந்தையில் காசு கொடுத்து வாங்கிய கறியைத் தின்பவரிடம் அந்தப் பேச்சைத் திருப்பிக் காட்டி, ‘உங்கள் தலைவரே விடச் சொன்னார்’ என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடிமைக் கூலி போய் காசுக் கறி வந்த பிறகும் சட்டியை எட்டிப் பார்ப்பது நிற்கவில்லை. 1958இல் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம். 1976 ஆகஸ்டில் பசு, கிடேரி வெட்டத் தடை ஆணை. 2017 மே மாதம் சந்தையில் வெட்டுக்கு மாடு விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசின் விதி, அதே மாதம் மதுரைக் கிளையின் இடைக்காலத் தடை, ஜூலையில் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது உச்ச நீதிமன்றம். 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. பட்டியலினத்தவர் ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. விழா மழையைக் காரணம் காட்டித் தள்ளிப்போனது.

இத்தாலிக்காரர்களும் அவமானப்பட்டவர்கள்தான். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனபோது, அவர்கள் கறியையும் காயையும் ஒன்றாகப் போட்டு ஆக்குவது உடம்புக்கு ஆகாது என்று 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வீடுவீடாகப் போய்ப் புத்தி சொன்னார்கள் அங்கிருந்த சமூகப்பணியாளர்கள் (நம் தொழில்காரர்கள்!). ஒன்றிரண்டு தலைமுறையில் அதே சாஸ் அமெரிக்கர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாகிவிட்டது. 1982 அக்டோபர் 17 அன்று இத்தாலியச் சமையல் கழகம் போலோனியாச் சாற்றின் செய்முறையை அந்த நகர வணிகச் சபையில் முறைப்படி பதிவே செய்தது. ஏழ்மையின் நாற்றம் காசு வந்தால் போய்விடுகிறது. நம் பிள்ளைகள் வேலைக்குப் போய் ஃபிளாட் வாங்கிய பிறகும், குழம்பு கொதிக்கும்போது ஜன்னலைச் சாத்துகிறார்கள். டிபன் பாக்ஸில் என்ன என்று கேட்டால் ‘மட்டன்’ என்கிறார்கள்.

விடுதியிலிருந்து அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேலை. ஆயா இருக்கும்போதே உட்கார வைத்துக் கேளுங்கள். கூறு யார் போட்டது, எந்த மாதம் எந்தக் காய், கொடிக்கறிக்கு எத்தனை வெயில், துண்டு யாருக்கு விழுந்தது. ஆயா சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். திருத்த வேண்டாம்.