மரணமும் சட்டமும்: 1936 புதுச்சேரி ஆலைத் துப்பாக்கிச்சூடும் ஊரகக் கொம்யூன்களின் தொழிற்பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பணியிடத்தில் நேரும் பேரிழப்புகள் பாதுகாப்புச் சட்டங்களுக்கு வழிவகுக்கின்றன என்பது தொழிலாளர் வரலாற்றில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். 1936ஆம் ஆண்டு புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச்சூட்டையும் அதனைத் தொடர்ந்த 1937ஆம் ஆண்டு ஆணையையும் முன்வைத்து இக்கட்டுரை அக்கருத்தை மீளாய்வு செய்கிறது. சட்டத்தைத் தோற்றுவிப்பது மரணத்தின் எண்ணிக்கையன்று, அம்மரணத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவரும் அமைப்பே என்பதும், அவ்வமைப்பு எட்டாத இடத்தில் சட்டமும் நின்றுவிடுகிறது என்பதும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் நிலைகொண்டு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, பஞ்சாலைத் தொழிலாளர், எட்டு மணி நேர வேலை, தொழிற்சாலைச் சட்டம், கொம்யூன், ஊரகத் தொழிலாளர்.

1. முன்னுரை

1911 மார்ச் 25 அன்று நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீயில் 146 தொழிலாளர்கள் மாண்டனர். வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. அந்நிகழ்வுக்குப் பின் அம்மாநிலம் விசாரணைக் குழு அமைத்துத் தீப்பாதுகாப்பு, வேலைநேரம் ஆகியவை குறித்த சட்டங்களை இயற்றியது. பேரிழப்பு நேர்ந்தது, சமூகம் விழித்தது, சட்டம் பிறந்தது என்னும் விளக்கத்திற்கு இந்நிகழ்வே பெரிதும் சான்றாகக் காட்டப்படுகிறது.

இவ்விளக்கம் இரண்டு வினாக்களுக்கு விடை தருவதில்லை. எத்தனையோ மரணங்கள் எச்சட்டத்தையும் தோற்றுவிக்காமல் மறைந்தது ஏன்? பிறந்த சட்டம் யாரைக் காத்தது, யாரை விடுத்தது? புதுச்சேரியின் வரலாறு இவ்விரு வினாக்களையும் ஒருசேர ஆராய இடமளிக்கிறது. 1936இல் நேர்ந்தது விபத்தன்று. ஆட்சியின் படைக்கலத்தால் விளைந்த உயிரிழப்பு. ஆயினும் அது நிகழ்ந்த இடம் ஆலை. அதன் காரணம் வேலைநேரமும் கூலியும் சங்க உரிமையும். அதன் விளைவு தொழிலாளர் சட்டம். எனவே அதனை இவ்வாய்வின் எல்லைக்குள் கொள்வது பொருந்தும்.

2. பிரெஞ்சு முன்நிகழ்வு

புதுச்சேரியை ஆண்ட பிரான்சிலேயே இதற்கொரு முன்நிகழ்வு உண்டு. 1906 மார்ச் 10 அன்று கூரியேர் நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 1,099 பேர் உயிரிழந்தனர். சில நாள்களுக்குள் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் பெருகியது. அவ்வாண்டு ஜூலை 13 அன்று வார ஓய்வுச் சட்டம் நிறைவேறியது. அக்டோபரில் தொழிலாளர் துறைக்கெனத் தனி அமைச்சகம் உருவானது.

வெடிப்புக்குப் பின் வந்த இச்சட்டம் வெடிப்பைப் பற்றியதன்று, ஓய்வைப் பற்றியது என்பது இங்குக் கருதத்தக்கது. மரணம் ஒரு வாயிலைத் திறக்கிறது. அதன்வழி நுழைவது தொழிலாளர் நெடுங்காலமாக எழுப்பிவந்த கோரிக்கை. இத்தகைய சட்டங்களின் பயன் குடியேற்ற நாடுகளின் உழைப்பாளரை எளிதில் எட்டவில்லை.

3. புதுச்சேரி: 1934–1937

சவானா, ரோடியர், கெப்ளே ஆகிய மூன்று பஞ்சாலைகளே அன்றைய புதுச்சேரியின் பெருந்தொழிலகங்கள். பிற்காலத்தில் இவை முறையே சுதேசி, ஆங்கிலோ பிரெஞ்சு (ஏ.எஃப்.டி.), பாரதி என்னும் பெயர்களால் அறியப்பட்டன. நகரத்தாரோடு சுற்றுப்புறச் சிற்றூர்களின் உழவர் குடும்பத்தினரும் இவற்றில் வேலைசெய்தனர். நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேற்பட்ட வேலை, குறைந்த கூலி, சிறுவர் உழைப்பு, பெண்களின் இரவுப்பணி ஆகியவை வழக்கமாயிருந்தன.

1934இல் வ. சுப்பையா தொடங்கிய ‘சுதந்திரம்’ இதழ் இந்நிலையை எழுத்தில் பதிவுசெய்தது. 1935இல் சவானா ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சில சலுகைகளைப் பெற்றனர். துப்பாக்கிச்சூட்டிற்கு முன்பே ஓர் இதழும் ஓர் அமைப்பும் ஒரு கோரிக்கைப் பட்டியலும் உருவாகியிருந்தன என்பதை இங்கு வலியுறுத்த வேண்டும்.

1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்த சவானா ஆலைத் தொழிலாளர்களை நோக்கிப் படையினர் சுட்டனர். பன்னிருவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். அப்போது ஆளுநராக இருந்தவர் சொலொமியாக். பாரீஸிலோ அதே ஆண்டு ஜூன் மாதம் லெயோன் புளும் தலைமையில் மக்கள் முன்னணி அரசு பதவியேற்றிருந்தது. மாத்தினியோன் உடன்பாடும், வாரத்திற்கு 40 மணி நேர வேலைச் சட்டமும், ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டமும் துப்பாக்கிச்சூட்டிற்கு இரண்டு மாதத்திற்குள் முன்னதாகவே வந்தவை. தன் நாட்டுத் தொழிலாளர்க்கு உரிமை வழங்கிய அரசு, தன் ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரித் தொழிலாளர்க்குத் துப்பாக்கிக் குண்டை வழங்கியது என்னும் முரண்பாட்டை அவ்வரசால் மறைக்க இயலவில்லை. 1937இல் சுப்பையா பாரீஸ் சென்று தொழிலாளர் தரப்பை எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் ஆணை எட்டு மணி நேர வேலையையும் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையையும் ஏற்றுக்கொண்டது.

ஆசியாவிலேயே முதன்முதலாக எட்டு மணி நேர வேலை கிடைத்த இடம் இது எனப் புதுச்சேரியில் கூறுவர். இக்கூற்றினும் தெளிவான ஒப்பீடு அண்டையிலேயே உண்டு. பிரித்தானிய இந்தியாவின் 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமும் வாரத்திற்கு 54 மணி நேரமும் வேலைவாங்க இடமளித்தது. பாகூரும் வில்லியனூரும் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக் கிராமங்களோடு பின்னிக் கிடப்பவை. ஓர் ஏரிக்கரையின் இருபுறமும் வாழ்ந்த இரு தொழிலாளர்க்கு வெவ்வேறு வேலைநாள் என்னும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

4. ஒற்றை மரணமும் பேரழிவும்

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றம் முழுமையுற்றது. பின்னர் இந்திய ஒன்றியத்தின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் புதுச்சேரிக்கும் விரிவாக்கப்பட்டது. அதனால் பிற மாநிலத்தில் நேர்ந்த பேரிழப்பின் சட்ட விளைவும் புதுச்சேரியை வந்தடைந்தது.

அத்தகைய பேரிழப்பு 1984 டிசம்பரில் போபாலில் நேர்ந்தது. நச்சு வாயுவால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு அபாயமிக்க தொழில்முறைகளுக்கெனத் தனி இயல் சேர்க்கப்பட்டது. அபாயம் பற்றிய தகவலைத் தொழிலாளர்க்கும் சுற்றுவட்டாரத்தார்க்கும் வெளியிடும் கடமை, தொழிலாளர் பங்குபெறும் பாதுகாப்புக் குழு, உடனடி ஆபத்தைச் சுட்டிக்காட்டும் உரிமை ஆகியன அதில் இடம்பெற்றன.

அதே ஆலையில் 1981 டிசம்பரில் ஃபாஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளி இறந்திருந்தார். அதன்பின் உள்ளூர் இதழாளர் ஒருவர் பேரழிவு நேரக்கூடும் எனத் தொடர்ந்து எழுதினார். அவ்வொற்றை மரணம் சட்டத்தின் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஒருவர் இறந்தபோதே செயற்பட்டிருப்பின் ஆயிரவர் இறப்பைத் தவிர்த்திருக்கலாம் என்பதே இவ்வரலாற்றின் வேதனை.

5. ஆலைவாயிலுக்கு அப்பால்: வில்லியனூரும் பாகூரும்

1937ஆம் ஆண்டு வென்றெடுத்த உரிமை ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின் பயன். ஆலைக்கு வந்த சிற்றூர்த் தொழிலாளி வாயிலுக்குள் எட்டு மணி நேரத்திற்கு உரியவரானார். ஊரில் நெல்வயலில் உழைத்த அவருடைய உடன்பிறந்தாளுக்கோ பொழுதே அளவு. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரில் நடவும் களையெடுப்பும் அறுவடையும் எச்சங்கத்தின் வேலைநாள் கணக்கிலும் இடம்பெறவில்லை.

வேளாண் தொழிலாளரைத் தொட்ட சட்டங்களும் உள்ளன. 1958இல் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் பூச்சிமருந்து கலந்த உணவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததன் தொடர்ச்சியாக 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. அதன் விதிகள் மருந்து தெளிப்போர்க்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்கின்றன. கதிரடிக்கும் பொறிகளில் கை கால் இழந்தோரின் துயரையொட்டி 1983இல் அபாயகரமான பொறிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் வயலுக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதில்லை. வரப்பில் மயங்கி விழுந்தவரின் இறப்பு குடும்பத்தின் துயரமாகவே முடிகிறது. பணியிட மரணமாகப் பதிவாவது அரிது.

இவ்விரு கொம்யூன்களிலும் இன்று வயல் மட்டுமில்லை. வில்லியனூர்க் கொம்யூனின் சேதராப்பட்டிலும் பாகூர்க் கொம்யூனின் கிருமாம்பாக்கத்திலும் தொழிற்பேட்டைகள் உள்ளன. 1936இன் போராட்டத்தைக் கண்ட மூன்று ஆலைகளும் 2020ஆம் ஆண்டளவில் இயக்கத்தை நிறுத்திவிட்டன. ஆயிரக்கணக்கானோர் ஒரே வாயிலில் கூடிய ஆலையின் இடத்தைச் சிறு தொழிற்கூடங்கள் பிடித்துள்ளன.

இச்சூழலில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த, 2020ஆம் ஆண்டுப் பணிசார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் கவனத்திற்குரியது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்னும் வரம்பை அது வெளிப்படையாகக் கூறுகிறது. முந்தைய சட்டத்தின் நாள்வரம்பு ஒன்பது மணி நேரம். அதே வேளையில், மின்விசையுடன் இயங்கும் தொழிற்கூடம் ‘தொழிற்சாலை’ எனக் கொள்ளப்பட முன்பு பத்துத் தொழிலாளர் போதும். இப்போது இருபதின்மர் வேண்டும். மின்விசையின்றி இயங்குவதற்கு இருபது என்றிருந்த எண்ணிக்கை நாற்பதாயிற்று. பதினைவர் வேலைசெய்யும் ஊரகத் தொழிற்கூடம் ‘தொழிற்சாலை’ என்னும் வரையறையிலிருந்து இவ்வாறு விலகிவிடுகிறது.

6. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பன்னிருவர் மரணம் 1937ஆம் ஆண்டு ஆணைக்கு வழிகோலியதற்குச் சங்கமும் இதழும் ஏற்ற அரசியற் சூழலும் முன்னரே அமைந்திருந்தமை காரணம். இரண்டாவது, சட்டத்தின் எல்லை பெரும்பாலும் போராடியோரின் எல்லையையே ஒட்டி அமைகிறது. மூன்றாவது, சிதறிய தொழிலாளரின் ஒற்றை மரணங்கள் பதிவாகாத வரையில் அவற்றிலிருந்து சட்டம் பிறக்க வழியில்லை.

ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று புதுச்சேரித் தொழிற்சங்கங்கள் ஆலைத் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகின்றன. அவர்கள் பெயர் அறியப்பட்டதால்தான் அந்நினைவு நிலைத்தது. வில்லியனூரிலும் பாகூரிலும் வயலிலும் சிறு தொழிற்கூடத்திலும் நேரும் ஒவ்வோர் இறப்பையும் காரணத்தோடு பதிவுசெய்யும் ஏடொன்றைக் கொம்யூன் பஞ்சாயத்து அளவில் பேணுவது, அடுத்த பேரிழப்பிற்குக் காத்திராமல் சட்டத்தைத் திருத்துவதற்கான முதற்படியாக அமையும்.